ஓதநாட்டின் மேற்குச் சுவர்

முதல் உளி விழுந்தபோது சிவகொழுந்து கண்ணை இறுக மூடிக்கொண்டான். மூடும்படியாக ஒன்றும் நடந்துவிடவில்லை. சவரிமுத்து மேஸ்திரி மேற்குச் சுவரின் மேல்மூலையில் உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டார், ஒரு கைப்பிடி காரை பொலபொலவென்று கீழே விரித்திருந்த சாக்கில் உதிர்ந்தது, அவ்வளவுதான். கடலூரில் மழைக்காலம் முடிந்ததும் வீட்டுக்கு வீடு நடக்கிற வேலை. ஆனால் உதிர்ந்தது காரை என்று மேஸ்திரிக்குத்தான் தோன்றும். சிவகொழுந்துக்குத் தெரியும், அது வடதுறை. அவன் எழுதிய முதல் புத்தகத்தில், பட்டத்தைப் பறிகொடுத்த அரசி வெறுங்காலோடு நடந்து வந்து கப்பலேறியது அந்த இடத்தில்தான். குவைத்தில் வண்டி ஓட்டுகிற ரஹ்மத்துல்லா என்கிற வாசகர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, வண்டியை ஓரங்கட்டி அழுததாக எழுதியிருந்தார். இப்போது அரசி, கப்பல், துறை எல்லாம் சாக்கில் கிடக்கின்றன. “சார், தூசி பறக்கும். கூடத்துல போய் உக்காருங்க” என்றார் மேஸ்திரி. போகத்தான் போனான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனவன் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நிலைப்படியிலேயே அதைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. மனைவி மங்கை சொன்னது காதில் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில், மகள் பூவிழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள். “நான் பண்ருட்டிக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறேன். அந்தச் சுவத்த மொத்தமா கொத்தி எடுத்துட்டு போன் பண்ணுங்க. அதுவரைக்கும் எம்பொண்ணு அந்த வீட்டுக்குள்ள கால் வைக்கமாட்டா.” கத்தியிருந்தால் இவனும் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அவள் கத்தவில்லை. ‘நம்ம பாப்பா’ என்று எப்போதும் சொல்கிறவள் ‘எம்பொண்ணு’ என்றாள். அந்தச் சொல்லோடு ஆட்டோ கிளம்பிப் போய்விட்டது.

டொக், டொக். மேஸ்திரியின் கை நிதானமாக இறங்கி வருகிறது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஊர். இப்படியே போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு நாடே முடிந்துவிடும். ஒரு நாடு முடிய இவ்வளவு நேரம்தானா என்று சிவகொழுந்துக்குச் சிரிப்பு வந்தது. அது உண்டாக எத்தனை மழைக்காலம் ஆயிற்று! கெடிலத்தில் வெள்ளம் வந்த வருஷம், வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்று வடிந்தது. எல்லாரும் சுவரைத் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார்கள். இவனும் அடித்திருப்பான். வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே சுவரில் ஒரு கடற்கரை. ஈரம் ஏறி நின்ற கோடு கரையாக வளைந்து, உள்ளே நெளிந்து, ஓரிடத்தில் கழிமுகமாக விரிந்திருந்தது. ஜன்னல் கம்பியின் துரு வழிந்து ஒரு செந்நிற ஆறு. அடியில் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து நின்ற மலை. சிவகொழுந்து பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, ஊரான் ஊரான் மனைக்கெல்லாம் நான்கெல்லை எழுதுகிறவன். வடக்கில் கன்னியப்பன் மனை, தெற்கில் பொது வாய்க்கால், கிழக்கில் இன்னார் கிணறு, மேற்கில் இன்னார் தோப்பு, இதற்கு உட்பட்டது இவ்வளவு. தனக்கென்று எழுதிக்கொள்ள ஒரு சாண் நிலம் கிடையாது, இந்த வீடும் மாமனார் கட்டிக் கொடுத்தது. அன்றைக்குச் சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கை போன போக்கில் ஒரு காகிதத்தில் எழுதினான். வடக்கில் கருங்கடல், கிழக்கில் செவ்வாறு, தெற்கில் உப்புமலை, மேற்கில் போனவர் திரும்பாத காடு, இதற்கு உட்பட்டது ஓதநாடு. அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் கேட்காமல், யாருக்கும் கைமாறாமல், ஒரு சொத்தை எழுதினான். உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்புக்காகத்தான் இத்தனை வருஷமும், வேறெதற்கும் இல்லை. புகழ், அது இது என்று பேட்டிகளில் சொல்கிறார்களே, அவனை யாரும் பேட்டி எடுக்கவில்லை, எடுத்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பான்.

சொல்லியிருப்பானா? சுவரைப் பற்றி மட்டும் அவன் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. “என்னா கற்பனை சார் உங்களுக்கு! எங்கிருந்து பிடிக்கிறீங்க இதெல்லாம்?” என்று ரஹ்மத்துல்லா எழுதும்போதெல்லாம் அவனுக்கு உள்ளே குறுகும். கற்பனையா? அவனுக்குக் கற்பனை என்று ஒரு பொட்டுக் கிடையாது. அது அவனுக்கு மட்டும் தெரியும். கண்ணுக்கு எதிரே இருப்பதைப் பார்த்து நான்கெல்லை எழுதத் தெரியும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் கரை ஒரு விரல் முன்னே வந்தால் நாட்டில் கடல்கோள். காரை உப்பி வெடித்தால் கோட்டை விழுந்தது. உப்புமலைக்குப் பக்கத்தில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாகக் கிளம்பியதே, அது கருங்காடு, அந்தக் காட்டை வைத்துத்தான் மூன்றாவது புத்தகம், எல்லாரும் நன்றாக இருக்கிறது என்று சொன்ன புத்தகம். படம் எடுத்து வைத்துக்கொள்ளேன் என்று யாராவது கேட்கலாம். எடுக்காமலா? போனில் நிறைய இருக்கிறது. நேற்றுக்கூட எல்லாவற்றையும் திறந்து திறந்து பார்த்தான். படத்தில் எல்லாம் அசையாமல் கிடக்கிறது. சுவரில்தான் அது வளரும். காலையில் எழுந்து பார்த்தால் நேற்று இல்லாத ஒரு கால்வாய் இருக்கும். நேற்று இல்லாதது ஒன்று இன்றைக்கு இருந்தால்தானே எழுத முடியும்? படத்தை வைத்துக்கொண்டு இருந்ததையே எழுதலாம், அடுத்தது என்ன என்று யார் சொல்வார்கள்? டொக், டொக். கழிமுகம் விழுந்தது.

சென்னையில் ஒரு பதிப்பாளர் முதல் புத்தகத்தைக் கையில் எடைபோட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். “நல்லாதான் எழுதுறீங்க. ஆனா இல்லாத நாட்டப் பத்தி நம்ம ஆளுங்க யாரு படிப்பா? சோழ நாடுன்னு மாத்திருங்க. பேரு நான் வச்சுத் தர்றேன்.” பேர் வைத்துத் தருகிறாராம், பிள்ளை பெற்றவன் இங்கே நிற்கும்போது. சிவகொழுந்து காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவன் பாண்டிச்சேரி தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். யார் தயவும் வேண்டாம் என்று அன்றைக்கு முடிவு செய்தான். தானே தட்டச்சு செய்தான், தானே பிழை திருத்தினான், தானே அட்டை வரைந்தான் (அதை வரைந்த லட்சணம் வேறு கதை), மின்நூலாகத் தானே ஏற்றினான், கொஞ்சம் அச்சும் போட்டுப் புத்தகக் காட்சியில் வேறொருவர் கடையில் ஒரு ஓரம் கேட்டு நின்றான். அது தயவில்லையா என்று மங்கை கேட்டபோது கோபம் வந்தது. சுதந்திர எழுத்தாளன் என்று அட்டையின் பின்புறம் போட்டுக்கொண்டான். ஒருவனும் என்னைக் கேட்கக் கூடாது, ஒருவனும் ஒரு வரியை வெட்டச் சொல்லக் கூடாது. வீட்டில் சுவரைப் பூசச் சொன்னபோதும் அதே குரலில்தான் பதில் சொன்னான் என்பது இப்போது, இந்த நிலைப்படியில் உட்கார்ந்திருக்கும்போது, நினைவுக்கு வருகிறது. வெட்டச் சொல்லாதே. பதிப்பாளனிடம் வராத வீரமெல்லாம் மங்கையிடம் வந்தது.

மேஸ்திரியோடு வந்திருந்த சித்தாள் அம்மா, தூசி அடங்கட்டும் என்று குளியலறைக்குள் போய்ச் சிவப்பு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் மொண்டு வந்தாள். கையால் அள்ளிச் சுவரில் தெளித்தாள். சிவகொழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த மக்கை எப்போதோ தூக்கிப் போட்டிருக்க வேண்டும். அதுவே ஓட்டை, கைப்பிடி வேறு ஆடுகிறது. கூடத்தில் காலண்டர் காற்றில் அடித்துக்கொண்டது. அதைப் பார்த்தான். பத்திரக் கொட்டகையில் இன்றைக்கு லீவு சொன்னோமா? சொன்னோம். பால்காரனிடம் நாளைக்குக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், பாப்பா வந்தால் பால் வேண்டும். “பாப்பா எங்க சார், பள்ளிக்கூடமா?” என்றாள் சித்தாள் அம்மா. “ஊருக்குப் போயிருக்கா. அவங்க பாட்டி வீட்டுக்கு.” “மேஸ்திரி சொன்னாரு, இளைப்பாமே. இந்தச் சுவத்துப் பக்கத்துலயா படுக்குது புள்ள?” அவள் சும்மாதான் கேட்டாள். கேட்டுவிட்டுக் காரையை வாரிச் சட்டியில் கொட்டப் போய்விட்டாள். சிவகொழுந்து மட்டும் அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தான். ஆமாம், இந்தச் சுவரின் பக்கத்தில்தான் படுப்பாள். அவளாகத்தான் வந்து படுப்பாள். அப்பா எழுதுகிற மேசையின் காலடியில் பாயை விரித்துக்கொண்டு, சுவரில் விரலால் வழி போட்டுக்கொண்டே, “இந்த ஆத்தத் தாண்டுனா எந்த ஊருப்பா வரும்?” என்று கேட்பாள். அவன் சொல்லுவான். ஒருநாள் சுவரின் தெற்கு ஓரத்தில், தரைக்குச் சற்று மேலே, மற்றதெல்லாவற்றையும் விட்டு விலகி ஒரு சின்னக் கறை கிளம்பியிருந்தது. அவள்தான் முதலில் பார்த்தாள். “அப்பா, குட்டித்தீவு!” என்றாள். ஓதநாட்டில் அவன் வைக்காத ஒரே பெயர் அதுதான்.

அந்தத் தீவு கிளம்பிய வருஷம்தான் அவளுக்கு இளைப்பும் கிளம்பியது. மங்கைக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது, இவனுக்கு ஏனோ வெகுநாள் தனித்தனியாகவே தெரிந்தது. மூச்சின் அடியில் ஒரு விசில். படுத்தால் வரும், சிரித்தால் வரும். கொஞ்ச நாளில் காதுக்கு அது பழகிப்போய், அவள் குரலே அப்படித்தான் என்று ஆகிவிட்டது. டாக்டரம்மா முதல் தடவையே கேட்டார். “வீட்ல ஓதம் இருக்கா? சுவத்துல கறுப்பா பூஞ்சை பிடிச்சிருக்கா?” “லேசா இருக்கும் மேடம்” என்றான். லேசாகவாம்! காடு ஒன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது, அதில் ஒரு படையே வழி தவறிச் செத்திருக்கிறது, இவன் லேசா என்கிறான். பக்கத்தில் நின்ற மங்கை அவனைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள். இவன் அடுத்த மாசம் என்றான். மழை முடியட்டும் என்றான். புத்தகம் முடியட்டும் என்றான். கடைசியில் ஒருநாள், வேறு வழியில்லாமல், பூவிழியையே கூப்பிட்டுக் கேட்டான். “பாப்பா, இந்தச் சுவத்த இடிச்சுப் பூசிடலாமா?” கேட்கும்போதே அவள் என்ன சொல்வாள் என்று அவனுக்குத் தெரியும். அதற்காகத்தான் கேட்டான். “வேணாம்ப்பா, குட்டித்தீவு போயிடும்” என்றாள், நெஞ்சுக்குழி உள்ளே இழுத்துக்கொள்ள, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி நிறுத்தி. இவன் மங்கையிடம் போய், “அவளே வேணாங்கிறா” என்றான். மங்கை அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பாமலே, “அவ ஒம்போது வயசுப் புள்ள. நீங்க?” என்றாள். வந்து எழுத உட்கார்ந்தான். அன்றைக்கு நன்றாக எழுத வந்தது என்பதுதான் கொடுமை.

சுத்தியல் கருங்காட்டுக்கு வந்துவிட்டது. மேஸ்திரி துண்டை எடுத்து மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். “ஏயப்பா, என்னா சார் இது, உள்ள செங்கல்லு வரைக்கும் பூந்துருக்கு. இத வச்சிக்கிட்டு எப்பிடி சார் இருந்தீங்க?” கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் ஓங்கிப் போட்டார். பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அதுவரை வராத நாற்றம் ஒன்று எழுந்து நிலைப்படிவரை வந்தது. நாள்பட்ட ஈரத்துணி நாற்றம். சிவகொழுந்துக்கு அது வெறும் நாற்றமில்லை, வேலை ஆரம்பிக்கப் போகிறது என்கிற வாசனை. அதை முகர்ந்ததும் விரல்கள் தாமாகவே குறுகுறுத்தன. கூடவே பூவிழியின் உதடு. நீலமா, கறுப்பா என்று சொல்ல முடியாத ஒரு நிறத்தில், ஆஸ்பத்திரிக்கு விரைந்த ஆட்டோவில், மங்கையின் மடியில். கண் திறந்திருந்தது. அப்பாவைத்தான் பார்த்தாள். பேச மூச்சில்லாமல் பார்த்தாள். இந்த வாசனையும் அந்த உதடும் ஒன்றாக வருவது இதுதான் முதல் தடவை. ஒன்றாக வரக் கூடாது என்றுதானே இத்தனை நாள் இரண்டையும் தனித்தனி அறையில் பூட்டி வைத்திருந்தான். சித்தாள் அம்மா மறுபடியும் மக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். அள்ளித் தெளித்தாள். செங்கல்லில் தண்ணீர் பட்டதும் சுருக்கென்று உறிஞ்சிக்கொண்டது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். காய்ந்த சுவர் தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

போன வருஷம் மழை பொய்த்தது. ஐப்பசி போயிற்று, கார்த்திகையும் போயிற்று, சுவர் காய்ந்து வெளிறிக் கிடந்தது. கரை நகரவில்லை, காடு கிளைக்கவில்லை. எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வராது. ரஹ்மத்துல்லா எழுதினார், “அடுத்த பாகம் எப்ப சார்? அந்தப் பையன் காட்டுலயே நிக்கிறான், எனக்குத் தூக்கமே வரல.” பூவிழிக்கு அந்த வருஷம் இளைப்பு இல்லை. பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். மங்கை முகத்தில் வெளிச்சம் இருந்தது. வீட்டில் எல்லாருக்கும் மூச்சு வந்தது, சிவகொழுந்து ஒருவனுக்குத்தான் முட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மங்கை கடைக்குப் போயிருந்தாள். பூவிழி மேசையடியில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். இவன் குளியலறைக்குப் போனான். சிவப்பு மக்கில் தண்ணீர் மொண்டான். கையில் அள்ளிக் கருங்காட்டின் மேல் தெளித்தான். சுருக்கென்று உறிஞ்சிக்கொண்டது. இன்னும் கொஞ்சம். ஒரு பழந்துணியை நனைத்துப் பிழிந்து பிழிந்து ஒற்றினான், சாமிக்கு அபிஷேகம் செய்கிறவன் மாதிரி அவ்வளவு பக்தியாக. தூங்குகிற பிள்ளைமேல் ஒரு சொட்டு விழாதபடி பார்த்துக்கொண்டான். அதில் மட்டும் கவனமாக இருந்தான், நல்ல தகப்பன்! மறுநாளும் செய்தான். அதற்கு மறுநாளும். மங்கை ஒருநாள் சுவரைத் தொட்டுப் பார்த்து, “மழையே இல்ல, இது எங்கேருந்து ஈரம்?” என்றாள். “பூமி ஈரம்” என்றான். காடு மறுபடியும் கறுத்தது, பையன் காட்டிலிருந்து வழி கண்டு வெளியே வந்தான், பாகம் முடிந்தது. ஓட்டப்பந்தயத்தன்று பூவிழி ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். இவன் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகம் நன்றாக வந்திருக்கிறது என்று வந்த கடிதங்களைப் போனில் படித்துக்கொண்டிருந்தான். இதை மங்கையிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மன்னித்துவிடுவார்களோ என்றுகூட ஒரு பயம், மன்னித்துவிட்டால் அப்புறம் சுவரை நனைக்க மனசு வராது, எழுத முடியாது.

“சார், இந்தப் பக்கம் முடிஞ்சிது. பீரோவ நகத்தணும்.” மேஸ்திரியின் குரல். சிவகொழுந்து எழுந்து நின்றான். மேற்குச் சுவர் முழுவதும் செங்கல்லாக, தோலுரிந்து நின்றது. கடலும் ஆறும் மலையும் காடும் சாக்கில் ஒரே குவியல். பார்த்தால் எது எது என்று தெரியவில்லை. தெற்கு ஓரத்தில் மட்டும் பீரோ நின்றது. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பீரோ நேற்றுவரை கூடத்தில் இருந்தது. காலையில் மேஸ்திரி வருவதற்கு முன்னால் சிவகொழுந்துதான் அதிலிருந்த துணிகளையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஒண்டி ஆளாக அதை இழுத்து வந்து அந்த மூலையில் நிறுத்தி, துணிகளைத் திரும்ப அடுக்கினான். கூடத்தில் நடமாட இடம் வேண்டும் என்று இழுத்தானாம். தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டான். இடுப்புப் பிடித்துக்கொண்டதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. “அதுக்குப் பின்னாடி ஒண்ணும் இல்ல மேஸ்திரி” என்றான். “அது காஞ்ச சுவர்.” “இவ்ளோ தூரம் ஏறியிருக்கு, அங்க மட்டும் எப்பிடி சார் விட்டுருக்கும்?” “இல்ல. நான் பாத்துட்டேன்.” மேஸ்திரி அவன் முகத்தைப் பார்த்தார். சம்பளம் கொடுக்கிறவன் சொன்னால் சரி என்கிற மாதிரி தோளைத் தூக்கிவிட்டு, உளியைத் தட்டிச் சுத்தம் செய்துகொண்டு, கை கழுவப் பின்பக்கம் போனார்.

போன் அடித்தது. மங்கை. “முடிஞ்சிதா?” “முடிஞ்சிது.” “மொத்தமாவா?” “மொத்தமா. செங்கல் தெரியுது. நாளைக்குக் காலையில பூசிடுவாங்க.” அந்தப் பக்கம் மங்கை மூக்கை உறிஞ்சினாள். “எனக்குத் தெரியுங்க, உங்களுக்கு எவ்ளோ கஷ்டமா இருக்கும்னு. நான் பேசுனதெல்லாம் மனசுல வச்சிக்காதீங்க” என்றாள். வெகுநாளைக்குப் பிறகு அந்தக் குரலில் பேசினாள். அவனுக்குக் காது சுட்டது. “இருங்க, பாப்பா பேசணுங்கிறா.” அப்புறம் பூவிழி. “அப்பா!” அவ்வளவுதான் சொன்னாள், சிவகொழுந்துக்கு யார் பேசுவது என்று ஒரு கணம் புரியவில்லை. அடியில் விசில் இல்லை. அவள் குரல் இப்படித்தான் இருக்குமா? கூழாங்கல்லைத் தண்ணீரில் போட்டால் கேட்குமே, அப்படித் துல்லியமாக. “அப்பா, இங்க மாடிப்படி இருக்குல்ல, கீழேருந்து மேல வரைக்கும் ஓடுனேன். நிக்கவே இல்ல. ஒண்ணும் ஆவல!” “அப்பிடியா கண்ணு” என்றான். “எல்லாம் போச்சாப்பா? செவ்வாறு?” “போச்சு.” “காடு?” “போச்சு.” “குட்டித்தீவு?” பீரோ எதிரே நின்றது. “அதுவும் போச்சு” என்றான். அழுகிறாளோ என்று நினைத்தான். மூச்சுத்தான் கேட்டது, சுத்தமான மூச்சு, உள்ளே போவதும் வெளியே வருவதும். “பரவால்லப்பா, நீ அழாத” என்றாள். “நான் உனக்கு வேற நாடு வரைஞ்சு வச்சிருக்கேன். சுவத்தப் பாத்து இல்ல, நானே யோசிச்சது. அதுல பறக்குற பாலம்லாம் இருக்கு. நாளைக்கு சாயங்காலம் வந்து தர்றேன்.” நானே யோசிச்சது. அவனுக்கு இத்தனை வருஷத்தில் ஒருநாளும் வாய்க்காதது, பண்ருட்டியில் ஒரு மாடிப்படி ஏறி இறங்கியதில் அவளுக்கு வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தின் அடியில் பொறாமை ஒன்று நெளிந்ததைப் பார்த்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது. “வா கண்ணு. சீக்கிரம் வா” என்று சொல்லிப் போனை வைத்தான்.

மேஸ்திரி துண்டால் கை துடைத்துக்கொண்டு வந்து நின்றார். “சார், ஒரு வார்த்த. ஆளுக்கு ஒரு கை புடிச்சா அது நகந்துரும். பின்னாடியும் ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டா எனக்கு நிம்மதி. நாளைக்குப் பூசிட்டா அப்புறம் எங்கேருந்து ஈரம் வருதுன்னு நீங்கதான் என்னைத் திட்டுவீங்க.” சிவகொழுந்து பீரோவுக்குப் பக்கத்தில் போனான். அதன் விளிம்பில் கையை வைத்தான். விசில் இல்லாத அந்தக் குரல் காதிலேயே இருந்தது. ஒண்ணும் ஆவல, ஒண்ணும் ஆவல. தள்ளு. ஒரு தள்ளு. மேஸ்திரி அந்தப் பக்கம் பிடிக்கத் தயாராகக் குனிந்துவிட்டார். அப்போது பீரோவுக்கும் சுவருக்கும் இடையே இருந்த இரண்டு விரல்கடை இடுக்கிலிருந்து அந்த வாசனை வந்தது. விரல்கள் குறுகுறுத்தன. நாடு அழிந்த மறுநாள், தீவில் ஒரு குழந்தை மட்டும் கண் விழித்தது. வரி தானாகவே வந்து நின்றது. நல்ல வரி. இந்த மழைக்காலம் முடிந்த பிறகு அவனுக்கு வந்த முதல் வரி. அது கலைந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“வேணாம் மேஸ்திரி” என்றான். “உள்ள பாப்பா துணியெல்லாம் அடுக்கி வச்சிருக்கு.”

அது பொய்யில்லை. அவளுடைய பள்ளிக்கூடச் சீருடையும், பாவாடை சட்டைகளும், முகம்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவாளே அந்தப் போர்வையும், சுவரை ஒட்டிய பீரோவின் கீழ்த்தட்டில் அவன் கையாலேயே மடித்து வைத்தவைதான். மேஸ்திரி சித்தாள் அம்மாவைக் கூப்பிட்டு, குவியலைச் சாக்கோடு சுருட்டித் தூக்கிக்கொண்டு போனார். தெருவில் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது, கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். சிவகொழுந்து மேசைமேல் படிந்திருந்த தூசியைத் துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்தான்.